அகத்திணையும் விசாத் தாளும்

பிரிவைப் பாடுவதில் தமிழுக்கு இணையான மொழி வேறில்லை என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசுவதில் தவறில்லை. பாலை என்னும் ஒரு திணையையே பிரிவுக்கென வகுத்துக்கொடுத்த இலக்கணம் நம்முடையது. ஆயினும் அவ்வாறு பெருமை பேசுவோரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் கடற்கரைப் பட்டினங்களிலும் காவிரிப் படுகையின் சிற்றூர்களிலும் இன்று நிகழ்ந்துகொண்டிருக்கும் பிரிவை நம் இலக்கியம் கண்டிருக்கிறதா? கண்டிருக்கிறது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பிரிவைப் பொருளாகக் கொண்ட படைப்புகளுக்குப் பஞ்சமில்லை. வளைகுடா வாழ்வைப் பற்றிய கவிதைகளையும் சிறுகதைகளையும் நாம் தொடர்ந்து படித்து வருகிறோம். அவற்றை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வகை கண்ணீர்க் கடிதம். மனைவி எழுதுகிறாள், தலையணை நனைகிறது, பிள்ளை வாப்பாவின் புகைப்படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. இரண்டாம் வகை குற்றச்சாட்டு. கணவன் பொருளாசை பிடித்தவன். ரியாலுக்கும் திர்ஹத்துக்கும் மனைவியின் இளமையை விலையாகக் கொடுத்தவன். மூன்றாம் வகை நசீபு. எல்லாம் விதிக்கப்பட்டவை, சபுர் போனவன் சபுராளி, பொறுத்திருப்பவள் உத்தமி. ஊர்ப்பெயரை மாற்றி எழுதினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் அளவுக்கு இவை ஒத்த அச்சில் வார்க்கப்பட்டவை.

இம்மூன்று வகையிலும் கண்ணீர் இருக்கிறது, கடல் இருக்கிறது, பணம் இருக்கிறது. பிரிக்கின்ற பொருள்மட்டும் இல்லை. அஃது ஒரு தாள். கடவுச்சீட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டப்படும் அல்லது குத்தப்படும் விசா. இத்தனை நாள் தங்கலாம், இத்தனை முறை வரலாம், அதற்குமேல் இல்லை என்று கணக்கெழுதும் அந்தத் தாளைக் காணாமல், அதன் விளைவை மட்டும் பாடிக்கொண்டிருக்கிறோம். இக்கட்டுரையில் நாம் சொல்ல முற்படுவது இவ்வளவே: நம் முன்னோர் பிரிவுக்கு வரம்பு கட்டினார்கள், இன்றைய சட்டங்கள் கூடலுக்கு வரம்பு கட்டுகின்றன. இந்தத் தலைகீழ் மாற்றத்தை உணராத வரையில் நம் பிரிவு இலக்கியம் பழைய பாட்டின் எதிரொலியாகவே நின்றுவிடும்.

முதலில் தொல்காப்பியத்தைப் பார்ப்போம். பிரிவை அது தலைவனின் விருப்பத்துக்கு முற்றும் விட்டுவிடவில்லை. கல்வியின் பொருட்டுப் பிரிந்தால் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது. வேந்தன் ஏவிய வினையின் பொருட்டாயின் ஓராண்டுக்குள் மீள வேண்டும். ஏனைய பிரிவுகளுக்கும் அதுவே அளவு என்று கற்பியலில் நூற்பாக்கள் உள்ளன. பொருள் தேடப் போகும் பிரிவும் இதனுள் அடங்கும். இலக்கணம் இங்கே பேசுவது சொல்லின் அமைப்பைப் பற்றியன்று. ஒரு பெண்ணின் காத்திருப்புக்கு எது நியாயமான எல்லை என்பதைப் பற்றி. கார்காலம் வந்ததும் மீள்வேன் என்று தலைவன் குறித்துச் செல்லும் பருவமும் இவ்வகைப்பட்டதே. மழை வந்தும் தேர் வரவில்லையாயின், தவறு அவனுடையது. தோழி அவனைப் பழிக்கலாம், தலைவி ஊடலாம். மீளும் காலத்தைக் குறித்தவன் அவனாதலின் மீளாமைக்குப் பொறுப்பும் அவனுக்கே உரியது.

அடுத்து, இஸ்லாமிய வரலாற்றில் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவின் தெருக்களில் நகர்சோதனை வருகையில், போர்முனைக்குச் சென்ற கணவனை நினைந்து ஒரு பெண் வருந்திப் பாடுவதைக் கேட்டார்கள். அவர்கள் அவளைக் கண்டிக்கவில்லை; பொறுமையைப் போதிக்கவுமில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் தன் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் தாங்குவாள் என்று கேட்டார்கள். நான்கு திங்கள் என்றும் ஆறு திங்கள் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. கிடைத்த விடையை அளவாகக் கொண்டு, அதற்குமேல் எந்தப் படைவீரரையும் இல்லம் திரும்பவிடாமல் நிறுத்திவைக்கலாகாது என்று ஆணையிட்டார்கள் என்பதில் அவ்வறிவிப்புகள் ஒன்றுபடுகின்றன. மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்குத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் நான்கு மாதத் தவணையே விதிப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

இரண்டும் வெவ்வேறு நிலத்தில், வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. ஒன்று புலவர் வகுத்த மரபு. மற்றொன்று ஆட்சியாளர் இட்ட ஆணை. ஆயினும் இரண்டும் பேசுவது ஒன்றே. பிரிவு தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் அதற்கொரு மேல்வரம்பு வேண்டும். அந்த வரம்பை வகுக்கும்போது வீட்டில் இருப்பவளின் நெஞ்சே அளவுகோலாக இருக்க வேண்டும்.

இவ்விரு மரபுக்கும் உரிமையுள்ள தமிழ் முஸ்லிம் சமுதாயம், இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது ஒரு வரம்பைச் சந்தித்தது. அதன் தொடக்கம் வளைகுடாவில் இல்லை. நமக்கு மிக அண்மையில் இருக்கிறது. பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கையில் கடை வைத்திருந்த நம்மவர், நோன்புக்கும் பெருநாளுக்கும், பேறுகாலத்துக்கும் மையித்துக்கும் ஊர் வந்து திரும்பினார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் பயணம் என்பது செலவையும் உடல்நலத்தையும் பொறுத்ததாக இருந்தது. 1948-ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தபோது, அந்தக் குறுகிய நீர்ப்பரப்பு அயல்நாட்டு எல்லையாயிற்று. மலாயாவில் 1953 முதல் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. 1959-இல் அங்கே கொண்டுவரப்பட்ட திருத்தமோ இலக்கியவாதிகள் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்தாண்டுகள் வாழ்ந்துவிட்ட மனைவிக்கு இனி நுழைவு இல்லை என்றது அத்திருத்தம்.

இதன் பொருளை நேயர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தொல்காப்பியர் கண்ணில் நெடுநாள் பிரிவு, விரைந்து கூடுவதற்குக் காரணம். உமர் (ரலி) அவர்களின் கண்ணிலும் அவ்வாறே. இத்திருத்தத்தின் கண்ணிலோ நெடுநாள் பிரிவு, மேலும் பிரிந்திருப்பதற்குக் காரணம். இத்தனை ஆண்டு தனியே இருந்துவிட்டாய் அல்லவா, இனியும் இருக்கலாம் என்று ஒரு சட்டம் சொல்கிறது. பிரிவின் நீளத்தையே பிரிவுக்குச் சான்றாக்கிய இச்சட்டத்தைக் குறித்து நாமறிந்த அளவில் தமிழில் ஒரு நல்ல சிறுகதைகூட இல்லை. பினாங்கைப் பற்றி நாவல் உண்டு. பினாங்குக்குப் போக முடியாமல் நாகப்பட்டினத்துத் துறையில் நின்றவளைப் பற்றி எங்கே இருக்கிறது?

வளைகுடாவுக்கு வருவோம். அங்கே குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை மாதச் சம்பளத்தோடு கட்டப்பட்டது. குவைத் அரசு 2024 சனவரியில் குடும்ப விசாவுக்கு 800 தினார் மாத ஊதியம் வேண்டுமென்று விதித்தது. சிங்கப்பூரில் 2018 சனவரி முதல், மாதம் 6000 வெள்ளிக்குக் குறையாத நிலையான ஊதியம் பெறுவோரே மனைவியையும் பிள்ளைகளையும் சார்ந்தோர் அட்டையில் அழைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. கட்டடத் தொழிலாளிக்கு அந்தப் பேச்சே இல்லை. கடல்வழிச் செலவு மகளிரோடு கூடியதன்று என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. அதன் பொருள்பற்றி உரையாசிரியர் மாறுபடுவர். அந்த மாறுபாட்டுக்கு இடமில்லாதபடி, கடல்கடந்த இந்நாடுகள் சம்பளப் பட்டியலைக் கொண்டு அதனைச் சட்டமாக்கிவிட்டன.

சவூதி அரேபியாவில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. 2017 சூலை முதல், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் என்று தொடங்கி, ஆண்டுதோறும் நூறு நூறாக உயர்ந்து 2020-இல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள ஒருவர் மாதம் 1600 ரியாலை, சேர்ந்து வாழ்வதற்காக மட்டும் செலுத்த வேண்டும். நடுத்தர வருவாயினர் குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டனர். அனுப்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. பார்வையாளர் விசாவில் அவர்களை மீண்டும் அழைத்தனர். மனைவி என்னும் பெயரோடு இருந்தவள் பார்வையாளர் என்னும் பெயரோடு அதே வீட்டுக்கு வந்தாள். தொண்ணூறு நாளுக்கொரு முறை நாட்டைவிட்டு வெளியேறி மறுபடி நுழைய வேண்டும் என்பதால், பல ஆண்டுகள் தம்மாமிலிருந்தும் அல்கோபரிலிருந்தும் குடும்பங்கள் வாடகை வண்டியில் பஹ்ரைன் பாலத்துக்குப் போய்வந்தன. 1986-இல் திறக்கப்பட்ட அப்பாலம் 25 கிலோமீட்டர் நீளமுடையது. நடுவே ஒரு செயற்கைத் தீவில் இரு நாட்டுச் சோதனை அலுவலகங்களும் அமைந்துள்ளன.

நம்மைச் ‘சாச்சா’ என்றழைக்கும் உறவுப்பெண் ஒருத்தி அவ்வாறு பலமுறை சென்று வந்தவள். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்னாள்: “அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு சாச்சா? புள்ள தூங்கிட்டு இருப்பான். போறப்ப ஒரு முத்திரை, வர்றப்ப ஒரு முத்திரை. வீட்ல அடுப்புல வச்ச சோறு ஆறுறதுக்குள்ள திரும்பிடுவோம். ஆனா ஒவ்வொரு தடவையும், உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே நிப்பேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாம் படித்த எந்தக் கண்ணீர்க் கடிதத்திலும் இந்தச் சிரிப்பு இல்லை. பிரிவுத்துயர் என்று நாம் எழுதிவைத்தது கணவன் இல்லாதபோது வரும் துயரம். இவள் சொன்னது கணவன் அருகே அமர்ந்திருக்கையில், மடியில் பிள்ளை உறங்குகையில் வரும் துயரம். கூடியிருக்கும்போதே பிரிவை எண்ணிக்கொண்டிருக்கும் நிலைக்குப் பழைய அகமரபில் துறை உண்டு. அலுவலர் ஒருவரின் முகத்தைப் பார்த்து அஞ்சும் நிலைக்குத் துறை இல்லை. அதை வகுக்க வேண்டியவர் இக்காலப் படைப்பாளரே.

இதைப்போலவே, துபாயில் பார்வையாளர் விசா முடிந்தவர்கள் ஈரானின் கீஷ் தீவுக்குப் பறந்து, அடுத்த விசா வரும்வரை அங்கே விடுதிகளில் காத்துக்கிடந்த காலமும் ஒன்று உண்டு. வேலை தேடி வந்தவர்களே அவருள் மிகுதி. என்றாலும், எந்த நாட்டிலும் சேராத இடைவெளியில் மனிதனை நிறுத்திவைக்கும் அந்த ஏற்பாடு, பாலை நிலத்தின் இக்கால வடிவம் எனலாம். பழைய பாலையில் வழிப்பறிக் கள்வரும் வெயிலும் இருந்தன. இப்பாலையில் குளிரூட்டிய அறை இருக்கிறது. எண் கொடுக்கப்பட்ட இருக்கை இருக்கிறது. எப்போது அழைப்பார்கள் என்பது மட்டும் தெரியாது.

மேலை நாடுகளின் முறை வேறு. அங்கே வருகைக்குக் கணக்கு உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகியகாலப் பார்வையாளர், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதனுள் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. 2013 அக்டோபர் முதல் இக்கணக்கு நாளோடு நாள் உருண்டு செல்வது. இன்று போக எண்ணினால் இன்றிலிருந்து பின்னோக்கி ஆறு மாதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பார்வையாளர் ஒருமுறைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். ஆனால் அடுத்தடுத்து வந்து அந்நாட்டையே தம் வாழ்விடமாக்கிக்கொள்வதாகத் தோன்றினால் அனுமதி மறுக்கப்படும். அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், பார்வையாளராக வர விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட எண்ணுபவராகவே முதலில் கருதுகிறது. அவ்வாறல்ல என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது.

இச்சட்டங்களை இலக்கியத் திறனாய்வின் கண்கொண்டு படித்தால் வியப்பான உண்மையொன்று புலப்படும். ஒவ்வொரு விண்ணப்பப் படிவமும் ஒரு நூல். அதற்கென ஓர் இலக்கணம் உண்டு. ‘வருகையின் நோக்கம்’ என்னும் கட்டத்தில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதை விண்ணப்பிப்போர் நன்கறிவர். கணவனைப் பிரிந்து இருக்க இயலவில்லை என்று ஒரு பெண் உள்ளதை எழுதினால், அவள் திரும்பமாட்டாள் என்ற ஐயத்துக்கு அவளே சான்று கொடுத்தவளாகிறாள். ஆதலால் அவள் நிலப்பத்திரத்தைக் காட்டுகிறாள். வங்கிக் கணக்கைக் காட்டுகிறாள். வேலைச் சான்றைக் காட்டுகிறாள். முதிய பெற்றோர் ஊரில் இருப்பதைக் காட்டுகிறாள். கணவனிடத்துத் தனக்குள்ள பற்றைக் காட்டிலும் ஊரிடத்துள்ள பற்றே பெரிது என்று மெய்ப்பிப்பதே அந்த விண்ணப்பத்தின் முழுப் பணியும்.

சங்கத் தலைவன் தலைவியிடம் ‘திரும்பி வருவேன்’ என்று சூளுரைத்தான். இன்றைய தலைவி, தலைவனைக் காண்பதற்கு முன்பே, முன்பின் அறியாத அலுவலரிடம் ‘அவரை விட்டுத் திரும்பி வந்துவிடுவேன்’ என்று சூளுரைக்கிறாள். சூள் பொய்த்தால் தெய்வம் வருத்தும் என்று அவர்கள் அஞ்சினார்கள். இவளோ, ஒரு நாள் மிகைப்பட்டாலும் அடுத்த முறை வாயில் அடைபடும் என்று அஞ்சுகிறாள். அகத்தின் முதன்மையான வாக்குறுதி எவரிடமிருந்து எவரிடம் சென்றுவிட்டது என்பதை உணரும் ஒரு கவிஞன், பாடுபொருளுக்கு அலைய வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. ஒருமுறை போகிறவளைக் காட்டிலும் பலமுறை போகிறவள்மேல் ஐயம் கூடுகிறது. முதல் விசாவை விதியை மதித்துப் பயன்படுத்தி, குறித்த நாளில் திரும்பியவள், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் விண்ணப்பிக்கும்போது, ‘ஏன் அடிக்கடி?’ என்ற கேள்வியைச் சந்திக்கிறாள். அன்பின் இயல்பே அடிக்கடி காண விழைதல். அந்த இயல்புதான் அங்கே குறையாக எழுதப்படுகிறது. மனைவியாகவே நிரந்தரமாகச் செல்லலாமே என்றால், அந்த வாயிலுக்கும் விலை உண்டு. பிரிட்டனில் துணைவரை அழைப்பதற்கு 2012-இல் ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் வேண்டுமென்றனர். 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுனாக உயர்த்தினர். அந்த வருமானத்தை எட்டாதவன் மனைவி, வேறு வழியின்றிப் பார்வையாளராகிறாள். பார்வையாளரானதும் ‘ஏன் அடிக்கடி?’ என்று கேட்கப்படுகிறாள்.

இங்கே எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். தம் எல்லையைக் காக்கும் உரிமை அரசுகளுக்கு இல்லையா? போலித் திருமணங்கள் நடப்பதில்லையா? பார்வையாளராக வந்து மறைந்து தங்கிவிடுவோர் இல்லையா? உரிமை உண்டு, குற்றங்களும் உண்டு. கட்டுப்பாடே கூடாது என்று நாம் வாதிடவில்லை. இக்குறை அயல்நாடுகளுக்கு மட்டும் உரியதென்றும் நாம் கருதவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் நம் நாடு பாகிஸ்தானியருக்கான விசாக்களை ரத்துச் செய்தபோது, அட்டாரி எல்லையில் தாய் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற காட்சிகளை நாளிதழ்களில் கண்டோம். கொலையாளிகளின் கொடுமைக்கு மன்னிப்பில்லை. அதற்கான விலையை மணம் புரிந்தோர் கொடுக்க நேர்ந்ததும் துயரமே. இரண்டையும் ஒருசேரச் சொல்ல இயன்றால்தான் அஃது இலக்கியம்.

நம் குறைபாடு இதுதான்: அரசின் அடுக்கில் இரண்டே அறைகள் இருக்கின்றன. ஒன்று குடியேறுகிறவருக்கு, மற்றொன்று ஊர் சுற்றிப் பார்க்கிறவருக்கு. வந்து, இருந்து, திரும்பி, மீண்டும் வருகிற துணைக்கு அறை இல்லை. 2020-இல் கொரோனாவின் பொருட்டு எல்லைகள் மூடப்பட்டபோது, வெவ்வேறு நாடுகளில் சிக்கிக்கொண்ட இணையர்கள் பலர் ஒன்றுகூடி ‘காதல் சுற்றுலா அன்று’ என்று முழங்கினார்கள். டென்மார்க் போன்ற சில ஐரோப்பிய நாடுகள், மணமாகாத இணையரும் உறவைக் காட்டி உள்ளே வரலாம் என்று வழிவிட்டன. மணமாகாதோரின் உறவைப் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். அது வேறு செய்தி. ஆனால் அந்த முழக்கத்தின் சொல்லாற்றலைப் பாராட்டாமல் இருக்க இயலாது. பெயரில்லாமல் கிடந்த ஒரு குறைக்கு அது மூன்று சொற்களில் பெயர் வைத்தது. பெயர் வைக்கப்பட்ட பிறகே அதிகாரிகளின் கண்ணில் அது பட்டது. புலவன் செய்ய வேண்டிய பணி இதுவன்றோ?

நம் அண்டை மாநிலத்து மாப்பிள்ளைமார் இலக்கியம் இவ்வகையில் நமக்கு முன்னோடி. 1977-இல் எஸ். ஏ. ஜமீல் இயற்றிய துபாய்க் கத்துப் பாட்டு, வளைகுடாக் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்து, ஊரூராகப் பரவியது. பின்னர்க் கணவனின் மறுமொழிப் பாட்டும் வந்தது. அடக்கிவைத்த ஒரு குரலை வெளியே கொணர்ந்த சிறப்பு அதற்குண்டு. தமிழில் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004), ஆடவர் கடல்கடந்து பிழைக்கும் ஊரில் வீட்டுக்குள் நிகழும் வாழ்வைத் தயக்கமின்றிக் காட்டிற்று. இவற்றின் துணிவை நாம் மதிக்கிறோம். எனினும் கத்துப் பாட்டின் கேள்வி கணவனை நோக்கியது. நாவலின் கேள்வி ஊரை நோக்கியது. இரண்டுக்கும் அப்பால் அமர்ந்து நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் மூன்றாமவரை நோக்கி இன்னும் எவரும் கேட்கவில்லை. வாயில்காவலனுக்குச் சங்கப் பாட்டில் இடமிருந்தது. குடிவரவு அலுவலருக்கு நம் கதைகளில் இடமில்லை.

இப்படிச் சொல்வதால் ஊரையும் கணவனையும் நாம் விடுவித்துவிடவில்லை. அரசைக் குறை கூறுவது எளிது. நம் முற்றத்தைப் பார்ப்பது அரிது. நாற்பது நாள் விடுப்பில் வந்தவனுக்கு முப்பதாம் நாள் நிக்காஹ் செய்துவைத்து, பத்தாம் நாள் விமானம் ஏற்றிவிடுவதை நாம் மகிழ்ச்சியோடு செய்து வருகிறோம். மஹர் எவ்வளவு, நகை எவ்வளவு, மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கும் பெரியவர்கள், ‘ஆண்டுக்கு எத்தனை நாள் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருப்பார்கள்? அதற்கு அவன் விசாவில் இடமுண்டா?’ என்று கேட்பதில்லை. கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற அச்சம். உமர் (ரலி) அவர்கள் நாடாளும் பொறுப்புக்கிடையிலும் கேட்ட கேள்வியை, ஒரு பெண்ணின் வலியும் ஜமாஅத்தும் ஒரு சம்பந்தத்தை முன்னிட்டு விழுங்கிவிடுகின்றனர். தாளின் கொடுமைக்கு நாம் துணைபோவது இவ்விடத்தில்தான்.

படைப்பாளர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. கண்ணீரைக் குறையுங்கள், கணக்கைக் கூட்டுங்கள். 90 நாள் என்றால் 90 நாளையும் எழுதுங்கள். முதல் வாரத்தில் பேச்சு எப்படி இருக்கிறது, எண்பதாம் நாளில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எழுபதாம் நாளிலிருந்து சிறு பிணக்கையும் தவிர்த்து, சண்டைபோடவும் நேரமில்லாமல் வாழும் தம்பதியரை எழுதுங்கள். ஊடலுக்குக்கூட நாள் ஒதுக்க இயலாத இல்லறம் நம் இலக்கணம் அறியாத ஒன்று. கடவுச்சீட்டுப் பக்கம் நிறைந்துபோனதை எழுதுங்கள். ‘நோக்கம்’ என்னும் கட்டத்தின்முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கையை எழுதுங்கள். கைப்பேசியில் முகம் தெரிகிறதே, பின் என்ன குறை என்று கேட்போருக்கு, முகம் தெரிவதால் மிகுவது எது என்பதை எழுதுங்கள்.

விசாப் படிவங்களில் கேள்விகளுக்குக் குறைவில்லை. கையில் எவ்வளவு பணம், செலவை ஏற்பவர் யார், எங்கே தங்குவாய், எப்போது வெளியேறுவாய் என்றெல்லாம் அவை கேட்கின்றன. மதீனாவின் இரவொன்றில் ஆட்சியாளர் ஒருவர் தம் மகளிடம் சென்று கேட்ட கேள்வி மட்டும் அவற்றுள் இல்லை. அக்கேள்வியைப் படிவத்தில் ஏற்றும் அதிகாரம் எழுத்தாளனுக்குக் கிடையாது. கதையில் ஏற்றும் அதிகாரம் உண்டு. அதைச் செய்து முடித்த பிறகு, பிரிவைப் பாடுவதில் தமிழுக்கு நிகரில்லை என்று மேடையேறிச் சொல்லலாம். நாமும் கூட்டத்தில் அமர்ந்து கேட்போம்.